ஒயிட் பேலன்ஸ்னா மூஞ்சியை வெளுக்கிறது இல்லை

முதல்லயே சொல்லிடறேன். நான் போட்டோகிராபர் இல்லை. பி.காம். படிச்சிட்டு பேங்க்ல கையெழுத்து போடற ஆளு. ஆனா இருபது வருஷத்துக்கு மேல நான் பார்த்த அளவுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை பல போட்டோகிராபர்களே பார்த்திருக்க மாட்டாங்க. அக்கவுண்ட் ஓப்பனிங் ஃபாரம், லோன் அப்ளிகேஷன், லாக்கர், பென்ஷன்.. எல்லாத்துலயும் மேல மூலையில ஒரு மூஞ்சி ஒட்டியிருக்கும். எதிர் நாற்காலியில அதே மூஞ்சி உசிரோட உட்கார்ந்திருக்கும். ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்க்கிறதுதான் நம்ம உத்தியோகம்.

அந்த உரிமையில சொல்றேன். இந்த ரெண்டு மூஞ்சிக்கும் நடுவுல இருக்கிற தூரம் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது. முந்தியெல்லாம் போட்டோல இருக்கிறவர் பத்து வயசு இளமையா இருப்பார், அவ்வளவுதான். பழைய போட்டோவை எடுத்துட்டு வந்திருப்பார். இப்போ நேத்து எடுத்த போட்டோவுல மூணு நாலு படி வெளுத்து இருக்கார். கேட்டா, "ஸ்டூடியோவுல ஒயிட் பேலன்ஸ் பண்ணிக் கொடுத்தாங்க சார்" என்கிறார்.

இந்த வார்த்தை இப்படி அர்த்தம் மாறிப் போச்சேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

ஒயிட் பேலன்ஸ்னா என்ன? வெளிச்சத்துக்கு ஒரு நிறம் இருக்கு. நம்ம கண்ணுக்கு அது தெரியாது, ஏன்னா மூளை உள்ளுக்குள்ளயே சரிபண்ணிக்குது. குண்டு பல்பு வெளிச்சத்துல பார்த்தாலும் வெள்ளைத் தாளை வெள்ளைன்னுதான் சொல்லுவோம். கேமராவுக்கு அந்த மூளை கிடையாது. மஞ்சள் வெளிச்சம் விழுந்தா தாள் மஞ்சள்தான். வெளிச்சத்தோட நிறத்தை கெல்வின்ங்கிற கணக்குல சொல்றாங்க. மெழுகுவர்த்தி 1,900 பக்கத்துல, குண்டு பல்பு 2,700 பக்கத்துல, உச்சி வெயில் 5,500 பக்கத்துல, மர நிழல் 7,000க்கு மேல. எண் ஏற ஏற நீலம் கூடும். 'இங்கே விழுந்த வெளிச்சம் இவ்வளவு மஞ்சள், அதைக் கழிச்சுடு'ன்னு கேமராவுக்குச் சொல்றதுதான் ஒயிட் பேலன்ஸ். அதுல வெள்ளையா வரவேண்டியது சுவரும் தாளும். மூஞ்சி இல்லை!

எங்க கணக்குப் பாஷையில சொன்னா, டிரையல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா தப்பான என்ட்ரியைத் தேடித் திருத்தணும். அது ஒயிட் பேலன்ஸ். மார்ச் 31க்கு பேலன்ஸ் ஷீட் பளபளன்னு தெரியணும்னு அங்கே இங்கே நகர்த்தி வைக்கிறதுக்கு விண்டோ டிரெஸ்ஸிங்னு பேரு. ஸ்டூடியோவுல நடக்கிறது ரெண்டாவது வேலை. முதல் வேலையோட பேரைச் சொல்லி நடக்குது.

மாஹிம்ல இருக்கிறவனுக்கு இந்த வெளிச்ச விஷயம் புரியறதுக்கு புஸ்தகமே வேண்டாம். எங்க வீட்டு ஹால்ல டியூப்லைட், சாமி அலமாரிக்கு மேல மஞ்சள் எல்.ஈ.டி., ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்தோட பச்சைச் சுவர். பிறந்தநாளுக்கு கேக் வெட்டறப்போ ஒரு போட்டோ எடுத்தா பையனோட இடது கன்னம் ஒரு நிறம், வலது கன்னம் ஒரு நிறம். ஸ்டேஷன் பாலத்துல ஏறி கிழக்குப் பக்கம் இறங்கினா தாராவி. மழைக்காலத்துல கூரை மேல எல்லாம் நீலத் தார்ப்பாய் போட்டிருப்பாங்க. பகல்ல அதுக்குக் கீழ நிக்கிற எல்லாருக்கும் முகத்துல நீலம் இறங்கியிருக்கும். மாட்டுங்கா பக்கம் ஒரு ரிசப்ஷனுக்குப் போனா மேடையில ஊதாவும் ரோஸும் மாறி மாறி அடிக்கிற லைட். மாப்பிள்ளை கத்தரிக்காய் நிறத்துல சிரிச்சுக்கிட்டு நிப்பார் :-)

இதையெல்லாம் திருத்தத்தான் வேணும். திருத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. எதைத் திருத்தறோம்கிறதுதான் பேச்சு.

வீடியோ எடிட்டிங் பண்றவங்க வெக்டர்ஸ்கோப்னு ஒரு கருவி வெச்சிருப்பாங்க. ஒரு வட்டம். படத்துல இருக்கிற ஒவ்வொரு நிறமும் அதுல ஒரு திசையில புள்ளியா விழும். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். இதுல தோலுக்குன்னு ஒரே ஒரு கோடு போட்டிருக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல. வெள்ளைக்காரரா இருந்தாலும் சரி, ஆப்பிரிக்கரா இருந்தாலும் சரி, திருநெல்வேலிக்காரரா இருந்தாலும் சரி, சரியான வெளிச்சத்துல எடுத்தா தோல் நிறம் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டு மேலதான் வந்து உட்காரும். எல்லார் தோல்லயும் இருக்கிற சரக்கு ஒண்ணுதானே.. மெலனினும் அதுக்கு அடியில ஓடற ரத்தமும். ஆளுக்கு ஆள் மாறறது அளவும் வெளிச்சமும்தான். திசை மாறறதில்லை.

எனக்கு இதைப் படிச்சப்போ அவ்வளவு சந்தோஷம். ஏன்னா ஸ்டூடியோக்காரர் கிட்ட சண்டை போட எனக்கு ஒரு அளவுகோல் கிடைச்சாச்சு. திசை தப்பியிருந்தா, அதாவது மூஞ்சி பச்சையாவோ நீலமாவோ தெரிஞ்சா, அது வெளிச்சத்தோட தப்பு, திருத்துங்க. அளவு, அதாவது கறுப்பா மாநிறமா சிவப்பாங்கிறது, அது ஆளோடது. அதுல கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. (வெளுப்பா இருக்கிறவங்களை நாம 'செவப்பா இருக்கா'ன்னு சொல்றது வெக்டர்ஸ்கோப் படி ஓரளவு சரிதான். ஆனா அந்தக் கணக்குப்படி நாம எல்லாருமே செவப்புதான்.)

இந்த வியாதி நம்ம ஊர்ல மட்டும் முளைச்சதில்லை. ஃபிலிம் காலத்துலயே இருந்திருக்கு. 1950கள்ல கோடாக் கம்பெனி லேபுகளுக்கெல்லாம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட போட்டோ. அந்தப் பெண்ணோட முகம் சரியா வர்ற மாதிரி மெஷினை செட் பண்ணிட்டா எல்லாம் சரின்னு கணக்கு. அதுக்கு ஷெர்லி கார்டுன்னு பேரு. முதல் கார்டுல இருந்தது கோடாக்லயே வேலை பார்த்த ஷெர்லி பேஜ். கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் என்கிற பேராசிரியை இதைப் பத்தி 2009ல விரிவா எழுதினாங்க. அதுல எனக்கு மறக்கவே முடியாத ஒரு விஷயம். கறுப்புத் தோல் ஃபிலிம்ல சரியா விழலைங்கிற குறை ரொம்ப நாள் இருந்தும், கோடாக் முழிச்சுக்கிட்டதுல பெரிய பங்கு சாக்லேட் கம்பெனிகளுக்கும் மரச்சாமான் கம்பெனிகளுக்கும். மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் விளம்பரப் படத்துல வித்தியாசமே தெரியலைன்னு அவங்க புகார் பண்ணியிருக்காங்க. நாற்காலிக்குக் கிடைச்ச நியாயம் அதுல உட்கார்ந்தவனுக்கு அப்புறமாத்தான் கிடைச்சிருக்கு. பல நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கிற கார்டு வர்றதுக்கு 1990கள் ஆச்சு.

அதைவிட மோசமான கதை போலராய்டு. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி நடந்தப்போ, கறுப்பர்கள் எப்பவும் கையில வெச்சிருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்க அந்தக் கம்பெனியோட ஐ.டி.-2 கேமரா பயன்பட்டது. அதுல ஃப்ளாஷ் வெளிச்சத்தை 42 சதவீதம் கூட்டறதுக்குத் தனியா ஒரு பட்டன். 1970ல அந்தக் கம்பெனியில வேலை பார்த்த கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும் இதை எதிர்த்துக் கிளம்பினாங்க. 1977ல போலராய்டு அந்த நாட்டை விட்டே வெளியேறிச்சு. கறுப்பு முகம் தெளிவாத் தெரியறதுக்கு வழி கண்டுபிடிச்சும் அதை யாருக்காக, எதுக்காகப் பயன்படுத்தினாங்க பாருங்க. நானும் அடையாள போட்டோ பார்க்கிற நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவன். இதைப் படிச்சிட்டு அன்னிக்கு சரியாத் தூங்கலை.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

அக்கா குடும்பம் தாராவியில. மூத்த மகளுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வரன் பார்க்க ஆரம்பிச்சாங்க. நல்ல மாநிறம், களையான முகம், மாமன்ங்கிறதுக்காகச் சொல்லலை. ஜாதகத்தோட அனுப்ப பக்கத்துல ஒரு ஸ்டூடியோவுல போட்டோ எடுத்தாங்க. வந்த படத்தை நான் பார்த்தேன். முகம் மைதா மாவு. காது அவளோட காது. கை அவளோட கை. கழுத்துல நெக்லஸுக்கு மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம். அக்காவுக்கு ரொம்பத் திருப்தி. "எம்புட்டு லெச்சணமா இருக்கா பாரு"ன்னா.

தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் ரயிலேறி வந்துச்சு. நல்ல மனுஷங்க. ஒரு தப்பான வார்த்தை பேசலை. கிளம்பறப்போ பையனோட அம்மா மட்டும் அக்கா கிட்ட மெதுவா, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே மதினி"ன்னாங்க. அப்புறம் போன் வரலை.

பத்து நாள் கழிச்சு அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டா: "மாமா, அவங்க என்னைப் பார்த்துட்டு வேண்டாம்னாங்களா, போட்டோவைப் பார்த்துட்டு வேண்டாம்னாங்களா?"

என்ன பதில் சொல்றது? ஒருவேளை அவங்க நிறம் பார்க்கிற குடும்பமே இல்லாமக்கூட இருக்கலாம். ஏமாத்தினாங்களேன்னு கோவிச்சிருக்கலாம். எங்களுக்குத் தெரியவே போறதில்லை. ஆனா அந்தப் பொண்ணுக்கு 'போட்டோவுல இருக்கிறவளை விட நான் மட்டம்'னு ஒரு எண்ணம் வந்துடுச்சு பாருங்க, அதை எந்த ஸ்லைடரை இழுத்துத் திருத்துவீங்க?

நான் அந்த ஸ்டூடியோவுக்கே போனேன். கடைக்காரர் நம்ம பக்கத்து ஆளுதான், அம்பது வயசைத் தாண்டினவர். "அண்ணாச்சி, ஒரிஜினல் ஃபைல் இருக்கா?"ன்னு கேட்டேன். இருந்தது. திறந்து காட்டினார். லேசான பச்சைச் சாயல், அவர் கடை டியூப்லைட்டோட புண்ணியம். மத்தபடி அருமையான படம். "இந்தப் பச்சையை மட்டும் எடுங்க, வேற எதுவும் வேண்டாம்"னேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. பின்னாடி சாம்பல் கலர் திரையில ஒரு கிளிக். பச்சை போச்சு, முகத்துல ரத்தம் வந்துச்சு. அவ்வளவுதான் வேலை!

"இது தெரிஞ்சுமா அண்ணாச்சி அப்படிப் பண்ணீங்க?"

"சார், நீங்க ஒருத்தர்தான் இப்படிக் கேட்டு வந்திருக்கீங்க. வெளுக்காமக் கொடுத்தா பத்துக்கு எட்டு பேரு 'கறுப்பா விழுந்திருக்கு, கேமரா சரியில்ல'ன்னு திருப்பிக் கொண்டாந்துருதாங்க. பிரிண்டு காசு யாரு கொடுப்பா? நான் எடிட் பண்ற பையன் கிட்ட சொல்லியே வெச்சிட்டேன், பொம்பளப் புள்ளைன்னா கேக்கவே வேண்டாம், வெளுத்துருன்னு."

அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். சரக்கு கேட்கிறவன் இருக்கிற வரைக்கும் கடையில சரக்கு இருக்கும். கேட்கிறது நாமதான். ஊர்ல இருக்கிறப்போ வெயில்ல அலைஞ்ச நம்ம தாத்தா பாட்டி போட்டோவைப் பாருங்க. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனா கறுப்பு கறுப்பாவே இருக்கும். பம்பாய்க்கு வந்து, பக்கத்து வீட்டு குஜராத்திப் பிள்ளை நிறத்தையும் நம்ம பிள்ளை நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பிச்சப்புறம்தான் இந்த வெளுப்பு ஆசை நமக்கு ரொம்ப முத்திப் போச்சுங்கிறது என் அபிப்பிராயம். துபாய், சிங்கப்பூர்ல இருக்கிறவங்க அவங்கவங்க அனுபவத்தை வெச்சுப் பார்த்துக்கோங்க.

சட்டமும் சமூகமும் கொஞ்சம் நகர்ந்திருக்கு, இல்லைன்னு சொல்லலை. 2014ல விளம்பரத் தர கவுன்சில், கறுப்பா இருக்கிறவங்களை மட்டமாக் காட்டற க்ரீம் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 1975ல வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020ல 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. அதே வருஷம் ஷாதி டாட் காம் தோல் நிறத்தை வெச்சுத் தேடற வசதியை எடுத்துடுச்சு. பேரு மாறிச்சு, பட்டன் போச்சு. ஸ்டூடியோ கம்ப்யூட்டர்லயும் நம்ம போன்லயும் இருக்கிற வெளுக்கிற பட்டன் அங்கேயேதான் இருக்கு. பல போன்ல பியூட்டி மோடுன்னு பேரு. யாரும் கேட்காமலே ஆன் ஆகியிருக்கிற போனும் உண்டு. கூகிள் 2021ல பிக்ஸல் 6 போன்ல கறுப்புத் தோலும் உள்ளபடி வர்ற மாதிரி ரியல் டோன்னு ஒண்ணு கொண்டு வந்தது, 2022ல எல்லிஸ் மங்க் என்கிற ஹார்வர்டு பேராசிரியரோட பத்து நிற அளவுகோலையும் வெளியிட்டது. செய்யணும்னு நினைச்சா மெஷினுக்கு முடியும்.

காலேஜ்ல பார்ட் ஒன் தமிழ்ல படிச்ச ஒண்ணு ஞாபகம் வருது. சங்கப் பாட்டுல பெண்ணோட அழகான நிறத்துக்கு மாமைன்னு பேரு. மாந்தளிர் நிறம். தலைவன் பிரிஞ்சு போனா அந்த நிறம் போய் உடம்பு வெளிறிப் போகும், அதுக்குப் பேரு பசலை. அதாவது வெளுக்கிறது வியாதி. நாம காசு கொடுத்து பசலையை வாங்கிட்டு வந்து பிரேம் போட்டு மாட்டறோம்!

பேங்க் சமாச்சாரத்துக்கும் வந்துடறேன், ஏன்னா இது அழகு விஷயம் மட்டும் இல்லை. 2020 ஜனவரியில ரிசர்வ் பேங்க் வீடியோ மூலமா கே.ஒய்.சி. பண்ணலாம்னு அனுமதி கொடுத்தது. அடையாளச் சான்றுல இருக்கிற படமும் வீடியோவுல தெரியற ஆளும் ஒண்ணான்னு பார்க்கணும். ஒரு பக்கம் வெளுத்த படம், இன்னொரு பக்கம் தலைக்கு மேல ஒரே ஒரு மஞ்சள் பல்பு. நடுவுல மாட்டிக்கிறது அந்த ஆளு. மெஷின் கிட்ட விட்டா இன்னும் சிக்கல். 2018ல ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்ற மென்பொருள்களைச் சோதிச்சுப் பார்த்தாங்க. வெளுத்த ஆண்கள் விஷயத்துல தப்பு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்கள் விஷயத்துல 34.7 சதவீதம் வரைக்கும் போச்சு. இதுல நாமளே வேற முகத்தை மாத்தி அனுப்பினா எப்படி?

வெளிநாட்டுல இருக்கிறவங்க கவனத்துக்கு: 2025 செப்டம்பர்ல இருந்து இந்தியத் தூதரகங்கள்ல பாஸ்போர்ட்டுக்கு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விதிப்படிதான் போட்டோ கேட்கிறாங்க. வெள்ளைப் பின்னணி, 630க்கு 810 பிக்ஸல், கம்ப்யூட்டர்ல மாத்தியிருக்கக் கூடாது, தோல் நிறம் இயல்பா இருக்கணும். ஊர்ல இருந்து அம்மா அப்பா அனுப்பற ஸ்டூடியோ படத்தை அப்படியே ஏத்திடாதீங்க.

வீட்டுல எடுக்கிறவங்களுக்கு நான் கத்துக்கிட்டதுல நாலு வார்த்தை. நிறத்தைச் சரிபார்க்க அப்பாவோட வெள்ளை வேட்டியை நம்பாதீங்க. சொட்டு நீலம் போட்டுத் துவைச்ச வேட்டி உண்மையில நீலம் கலந்த வெள்ளை. அதை வெள்ளைன்னு கேமரா கிட்ட சொன்னா, அது நீலத்தைக் கழிக்கும், முகம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகும். கண்ணோட வெள்ளை, பல்லு, மல்லிகைப்பூ எதுவும் வேலைக்கு ஆகாது. போட்டோ கடையில சாம்பல் அட்டை கிடைக்கும். முகத்துப் பக்கத்துல பிடிச்சு ஒரு படம் எடுத்து வெச்சுக்கிட்டா, அதே வெளிச்சத்துல எடுத்த மத்த எல்லாத்தையும் அதை வெச்சே திருத்தலாம். சிவப்புப் பட்டுப்புடவை படம் முழுக்க நிறைஞ்சிருந்தா ஆட்டோ மோடு குழம்பிப் போகும். சிவப்பு அதிகமா இருக்கேன்னு குறைக்கப் போய் முகத்துல சாம்பல் பூசிடும். நலங்குல பூசின மஞ்சளைக்கூட வெளிச்சத்தோட தப்புன்னு நினைச்சுத் துடைச்சு எடுக்கும்.

அப்புறம் முக்கியமா வெளிச்சம் வேற, நிறம் வேற. கறுத்த முகம் படத்துல இருட்டா விழுந்தா அதுக்கு வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். வெள்ளை வேட்டி சட்டையில நிக்கிற ஆளை எடுத்தா கேமரா துணியோட வெள்ளையைப் பார்த்து மிரண்டு மொத்தத்தையும் இருட்டாக்கிடும். முகத்தை விரலால தொட்டு அதுக்கு வெளிச்சம் கணக்குப் பண்ணச் சொல்லுங்க. ஜன்னல் ஓரமா நிறுத்துங்க. இந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிங்க. கறுத்த தோல்ல பக்கவாட்டு வெளிச்சம் பட்டு மினுங்கறது இருக்கே, அதுக்கு ஈடே கிடையாது. அக்கா மகளை அடுத்த தடவை அப்படித்தான் எங்க வீட்டு ஜன்னல்ல, பக்கத்து வீட்டுப் பச்சைச் சுவருக்குத் திரை போட்டுட்டு எடுத்தோம். அக்கா முதல்ல முணுமுணுத்தா. அப்புறம் அந்தப் படத்தைத்தான் அனுப்பினா.

ஸ்டூடியோவுல படம் வாங்கறப்போ முகத்தை மட்டும் பார்க்காதீங்க. காதைப் பாருங்க, கழுத்தைப் பாருங்க, தெரிஞ்சா கையைப் பாருங்க. மூணும் முகத்தோட ஒத்துப் போகலைன்னா காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரிஜினலைத் திறந்து காட்டச் சொல்லுங்க. கல்யாண ஆல்பம்னா ஆர்டர் கொடுக்கறப்போவே பேசிடணும், ஆல்பம் அச்சானப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நிறம் திருத்தாத ஃபைலையும் ஒரு பென்டிரைவ்ல வாங்கி வெச்சுக்கோங்க.